தடுப்புப் பலகையும் தகவல் மாதிரியும்

ஒரு கட்டடத்தின் பெருமையை அதன் முகப்பைக் கொண்டும் மண்டபத்தைக் கொண்டும் மதிப்பிடுவதே உலக வழக்கு. ஆயின் அக்கட்டடத்தில் நாள்தோறும் தொழில் புரிவோரும் கல்வி பயில்வோரும் அதனை மதிப்பிடும் இடம் வேறொன்றுண்டு. அஃது அதன் மலசலகூடம். முகப்பில் ஒரு தவறு நேர்ந்தாற் கண்ணுக்கு மட்டுமே குறை. மலசலகூடத்தில் ஒரு தவறு நேர்ந்தால் உடலுக்கும் மானத்துக்கும் குறை. பாடசாலை செல்லும் பெண்பிள்ளையொருத்தி காலை முதல் மாலை வரை நீரருந்தாது தன்னைத் தானே வருத்திக்கொள்வதற்கும், சக்கர நாற்காலியிற் செல்பவர் ஒருவர் பொதுக் கட்டடமொன்றுக்குள் நுழையத் தயங்குவதற்கும் காரணம், சில வேளைகளில், ஒரு பலகையின் உயரமோ ஒரு கதவின் அகலமோ அன்றி வேறன்று.

இத்தடுப்புப் பலகைகளைக் கட்டடக் கலைஞர் தம் கையால் வரைந்த காலம் கழிந்து வருகின்றது. இன்று அவற்றை உற்பத்தி செய்யும் நிறுவனங்களே அவற்றின் கணினி மாதிரிகளையும் ஆயத்தஞ் செய்து இலவசமாக வழங்குகின்றன. கலைஞர் அம்மாதிரியை எடுத்துத் தம் கட்டடத்தின் மாதிரிக்குள் இருத்திவிடுகின்றார். இதனால் விளையும் நன்மை பெரிது. எனினும் பிறநாட்டுப் பழக்கத்துக்கும் பிறநாட்டுக் காலநிலைக்கும் அமைந்த மாதிரியொன்றை நம் நாட்டுக் கடற்கரையிற் கொண்டுவந்து நிறுத்தும்பொழுது ஆராயவேண்டியவை பல உள. அவற்றைப் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலைக் கரையை முன்வைத்து விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதிரி என்பது யாது?

பழைய வரைபடத்தில் ஒரு சுவர் என்பது இரு கோடுகள். அக்கோடுகள் சுவரைக் குறிக்கின்றன என்பதை வாசிப்பவர் அறிவாரேயன்றி வரைந்த தாள் அறியாது. கட்டடத் தகவல் மாதிரியிலோ சுவர் சுவராகவே பதிவு பெறுகின்றது. அதன் நீளம், உயரம், தடிப்பு, ஆக்கப்பட்ட பொருள், தீயைத் தாங்கும் நேரம் ஆகிய யாவும் அதனோடு பிணைந்து நிற்கும். சுவரை ஓரிடத்தில் நகர்த்தினால் அதிலுள்ள கதவும் உடன் நகரும். தளப்படம், குறுக்குவெட்டுப் படம், பொருட்பட்டியல் ஆகிய மூன்றும் ஒருங்கே திருந்தும். ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து இதனைப் ‘பிம்’ எனத் தொழிற்றுறையார் வழங்குவர்.

இக்கருத்து நேற்றுப் பிறந்ததன்று. சார்லசு ஈசுற்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1975ஆம் ஆண்டிலேயே, கட்டடத்தின் உறுப்புக்களைக் கணினியில் விவரித்து, அவ்விவரணத்திலிருந்து படங்களையும் அளவுகளையும் பெறும் முறையொன்றை எடுத்துரைத்தார். ‘கட்டடத் தகவல் மாதிரி’ என்னும் தொடர் 1992இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவரின் கட்டுரையில் ஆளப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ‘றெவிற்’ என்னும் மென்பொருள் வெளிவந்தது. 2002இல் அதனை ஓட்டோடெசுக்கு நிறுவனம் வாங்கியது. ஒரு மென்பொருளில் ஆக்கிய மாதிரியைப் பிறிதொரு மென்பொருளும் வாசித்தற்பொருட்டு வகுக்கப்பெற்ற ‘ஐ.எஃப்.சி.’ என்னும் பொதுவடிவம் 2013இல் முழுநிலைச் சர்வதேச நியமமாயிற்று. பிரித்தானிய மத்திய அரசு 2016 முதல் தன் கட்டட வேலைகளில் இம்முறையைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரோ பெருங்கட்டடங்களின் அனுமதி விண்ணப்பங்களை 2013 முதலே இவ்வடிவிற் கேட்கத் தொடங்கியது.

உற்பத்தியாளர் தரும் மாதிரி

கட்டடம் முழுவதன் மாதிரி ஒரு வீடெனின் அதனுள் வைக்கப்படும் கதவு, விளக்கு, கைகழுவு தொட்டி, தடுப்புப் பலகை முதலியவற்றின் தனி மாதிரிகள் அவ்வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்கள் எனலாம். இவற்றையெல்லாம் ஒவ்வொரு கலைஞரும் புதிதாக ஆக்குவதாயின் காலம் வீணாகும். ஆதலின் உற்பத்தியாளர்கள் தாமே இவற்றை ஆக்கித் தரலாயினர். இத்தகைய மாதிரிகளைத் திரட்டி வழங்கும் நூலகங்களும் தோன்றின. சுவீடன் நாட்டு மல்மோ நகரிற் 2011இல் தோன்றிய ‘பிம் ஒப்செற்று’ நிறுவனம் அவற்றுள் ஒன்று.

தடுப்புப் பலகை மாதிரியொன்றில் மூவகைச் செய்தி அடங்கும். முதலாவது வடிவம்: இடைப்பலகை, கதவு, கதவைத் தாங்கும் முன்தூண், அதன் அடியைச் சுற்றிவரும் உறை, மேலே தூண்களைப் பிணைக்கும் சட்டம் என்பன. இரண்டாவது மாறத்தக்க அளவுகள்: அறையின் அகலம், ஆழம், பலகையின் உயரம், நிலத்துக்கும் பலகைக்குமிடையே விடப்படும் இடைவெளி, கதவு திறக்கும் பக்கம் என்பன. ஓர் எண்ணை மாற்றியதும் உருவமும் மாறும். மூன்றாவது உருவமற்ற தகவல்: ஆக்கப்பட்ட பொருள், நிறம், தீச்சோதனை முடிவு, உத்தரவாதக் காலம், வட அமெரிக்கப் பகுப்புமுறையில் மலசலகூட அறைகளுக்குரிய 10 21 13 என்னும் தொகுதியெண் போல்வன.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மாணவர் மனத்திருத்தல் வேண்டும். வடிவின் நுணுக்கம் வேறு. தகவலின் நம்பகம் வேறு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் 2008இல் மாதிரியின் வளர்ச்சி நிலைகளை 100 முதல் 500 வரை ஐந்தாக வகுத்தது. 100 என்பது பொருளொன்று இங்குண்டு என்ற குறிப்பு மாத்திரமே. 300இல் அளவும் இடமும் துணியப்பெறும். 400இல் தொழிற்சாலையில் ஆக்குதற்குப் போதிய விவரம் இருக்கும். 500 என்பது நிறுவியபின் நேரிற் சரிபார்க்கப்பெற்ற நிலை. உற்பத்தியாளர் மாதிரியிலே திருகாணியின் புரியும் தாழ்ப்பாளின் பளபளப்பும் தெளிவாகத் தோன்றலாம். அதனைக் கண்டு, கட்டடம் முழுவதும் அந்நிலை அடைந்துவிட்டதென மயங்குதல் கூடாது. அழகாய்த் தோன்றும் படம் ஆராய்ந்து முடிந்த படமாகிவிடாது. அன்றியும், அறையொன்றுக்கு இருபது திருகாணியெனக் கொண்டாலும் நூற்றைம்பது அறைகளுள்ள பெருங்கட்டடத்தில் மூவாயிரம் திருகாணிகளைக் கணினி வரைந்து காட்டவேண்டியிருக்கும். அதனால் வேலை தாமதமாகுமேயன்றி எவருக்கும் அறிவு கூடாது.

நுரைச்சோலைக் கரை

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அமைந்தது நுரைச்சோலை. மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் கடனீரேரி, இடையே மணற்றரை. மிளகாயும் வெங்காயமும் மரக்கறியும் விளையும் தோட்டங்களுக்கு மணலின் கீழ் நிற்கும் நன்னீரே ஆதாரம். இலங்கை முழுவதும் இவ்வூரின் பெயரை அறியச் செய்தது இங்குள்ள லக்விஜய அனல்மின் நிலையம். சீனத்து எக்சிம் வங்கியின் கடனுதவியுடன் சீன நிறுவனமொன்று கட்டிய இந்நிலையத்தின் முதலாவது அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று அலகுகளும் நிறைவெய்தி, அலகொன்றுக்கு 300 ஆக 900 மெகாவாற்று ஆற்றல் பெற்றது. தென்மேற் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிப்பதால் அக்காலத்தில் நிலக்கரியை இறக்குதல் இயலாது. காற்றின் வலிமைக்கும் அது சுமந்துவரும் உப்புக்கும் இதுவே சான்று.

அந்நிலையத்தின் வரைபு முறை நம் ஆராய்ச்சிக்கு வேண்டியதன்று. அத்தகைய காற்றும் மண்ணும் உள்ள கரையிலே ஒரு பாடசாலையையோ தொழிலாளர் விடுதியையோ யாத்திரிகர் மடத்தையோ கட்டுவோர் எதிர்ப்படும் கேள்விகளே நமக்கு வேண்டியன. இக்கரையிலே தடுப்பு என்பதன் அருமையை அறிந்த மக்கள் பலர் வாழ்கின்றனர். 1990ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் கற்பிட்டித் தீபகற்பம் உள்ளிட்ட புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். கிடுகு வேய்ந்த கொட்டில்களிற் குடும்பம் பல ஒருங்கு வாழ்ந்த முகாம் வாழ்க்கையில், மறைவுக்கு ஒரு கிடுகு கூடுதலாகக் கிடைப்பதும் பெரும் பேறாயிருந்தது. அருகிலுள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் வருகின்றனர். திரளான மக்களுக்கு அமைக்கும் மலசலகூடத்தில் ஒரு பலகையின் தவறு ஒருமுறை நிகழும் தவறன்று; அறைதோறும் நாள்தோறும் அது மீண்டும் மீண்டும் நிகழும்.

உலோகமும் உப்பும்

மாதிரியில் ‘பொருள்’ என்னுமிடத்தில் ஒரு சொல் மட்டுமே இருக்கும். அச்சொல்லே அப்பலகையின் ஆயுளைத் தீர்மானிப்பது. தடுப்புப் பலகைகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகையின் மேல் மெல்லிய தகடு பதித்தது ஒருவகை. பிசினூட்டிய கடதாசித் தாள்களைப் பலவாக அடுக்கி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கி, பெரும்பாலும் 12 அல்லது 13 மில்லிமீற்றர் தடிப்பிற் செய்த செறிபலகை இரண்டாம் வகை. ஏறக்குறைய 25 மில்லிமீற்றர் தடிப்புள்ள உயரடர்த்திப் பொலித்தீன் பலகை மூன்றாம் வகை. மை பூசிய உருக்குத் தகடும், கறையில் உருக்குத் தகடும் நான்காம் வகை.

முதல் வகை, நீர் புழங்காத அலுவலகத்துக்கு ஏற்றது. நம்மவர் வாளியும் பேணியும் கொண்டு நீர் ஊற்றிக் கழுவும் நிலத்தில் அது நெடுங்காலம் நில்லாது. விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் அவ்வழியே நீரூறி உப்பிவிடும். மை பூசிய உருக்கும் கடற்கரையில் அதே வழியைத்தான் பின்பற்றும். பூச்சில் ஒரு திருகாணி கிழித்த இடமே துருவுக்கு வாசல்.

கறையில் உருக்கு என்ற பெயரைக் கண்டு அமைதியடைதலும் தகாது. அதில் வகைகள் உள. 304 எனக் குறிக்கப்படும் வகையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் உண்டு. குரோமியம் காற்றோடு சேர்ந்து ஆக்கும் மெல்லிய படையே உருக்கைக் காப்பது. கடற்காற்றிலுள்ள குளோரைட்டு அப்படையை ஆங்காங்கே துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கும். 316 என்னும் வகையிலோ இரண்டு முதல் மூன்று பங்கு மொலிப்டினம் சேர்க்கப்பட்டிருப்பதால் அது குளோரைட்டை மேலும் வலிமையுடன் எதிர்த்து நிற்கும். வளிமண்டலம் உலோகத்தை அரிக்கும் வலிமையைச் சர்வதேச நியமமொன்று சீ1 முதல் சீ5 வரையும், அதற்கு அப்பால் சீஎக்சு என்றும் வகுத்துள்ளது. உப்புக்காற்று நேரே மோதும் கரை இவ்வரிசையின் உயர்ந்த படிகளையே சாரும். மாதிரியிற் ‘கறையில் உருக்கு’ என்று மட்டும் எழுதியிருப்பின் எவ்வகை எனக் கேட்டறிந்து எழுதுதல் கலைஞரின் கடமை. பலகை பொலித்தீனாயினும் பிணைச்சலும் தாழ்ப்பாளும் திருகாணியும் உலோகமே என்பதையும் மறத்தல் ஆகாது. பலகை அழியாதிருந்தும் பிணைச்சல் இற்றுக் கதவு விழுமாயின், பயன்படுத்துவோர்க்கு அஃது அழிந்த கதவே. கிருமிநீக்கத்துக்குத் தெளிக்கும் குளோரீன் கலந்த தூளும் உப்புக்காற்றைப் போன்றே உருக்கை அரிக்கும்.

பொலித்தீன் பலகைக்குத் துருப்பிடித்தல் இல்லை. நீரை உறிஞ்சுதலும் இல்லை எனலாம். ஆயின் அதற்கும் இரு குறைகள் உண்டு. அது தீப்பற்றக்கூடியது, ஆதலின் அமெரிக்காவில் அறை மூலைத் தீச்சோதனையொன்றிற் தேறிய வகையையே அனுமதிப்பர். வெப்பத்தினாற் பெரிதும் விரிவதும் அதன் இயல்பு. ஒரு மீற்றர் நீளம், ஒரு பாகை செல்சியசு வெப்ப உயர்வுக்கு, ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை விரியும். ஒன்றரை மீற்றர்ப் பலகை இருபது பாகை வெப்பங் கூடினால் 3 முதல் 6 மில்லிமீற்றர் நீளும். தகரக் கூரையின் கீழ் அதிகாலைக்கும் நண்பகலுக்கும் இவ்வேறுபாடு அரிதன்று. கணினித் திரையிற் பலகையும் சுவரும் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கும். கரையிலோ அவ்வாறு பொருத்திய பலகை வளையும், கதவு சாத்தாது நிற்கும்.

அளவும் மானமும்

அமெரிக்க உற்பத்தியாளர் மாதிரிகளிற் பலகை நிலத்திலிருந்து 12 அங்குலம், அஃதாவது 305 மில்லிமீற்றர், உயரத்திற் தொடங்குவது பெருவழக்கு. பலகையின் உயரம் 58 அங்குலம். ஆகவே அதன் மேல்விளிம்பு நிலத்திலிருந்து 70 அங்குலத்தில், அஃதாவது 1778 மில்லிமீற்றரில், முடியும். இவ்வளவு அந்நாட்டு வழக்கத்துக்கு இயைந்தது. அங்கே உபயோகிப்போர் உயர்ந்த பீங்கானில் அமர்வர். கடதாசி கொண்டு துடைப்பர். நிலம் உலர்ந்தே இருக்கும்.

நம் நாட்டிற் குந்தியிருந்து உபயோகிக்கும் பீங்கான் பல பாடசாலைகளில் இன்றும் உண்டு. அங்கே 305 மில்லிமீற்றர் இடைவெளி என்பது மறைப்பற்ற நிலையே. உயர்ந்த பீங்கானில் அமர்ந்தவருக்குத் தெரிவது பாதம் மட்டும். குந்தியவருக்கோ அவ்விடைவெளியின் வழியே மறைக்கவேண்டியதே வெளிப்பட்டுவிடும். ஓர் அறையில் ஊற்றிய நீர் அடுத்த அறைக்குட் பாய்வதும் தவிர்க்க முடியாதது. மாணவி ஒருத்தி இதனை ஆசிரியரிடம் முறையிடமாட்டாள். அவ்விடத்துக்குப் போகாது விடுவாள். அதன் பயனாக நோய் வந்தபின்னும் காரணம் வெளிவராது. மாதிரியில் அவ்வளவு ஓர் எண் மாத்திரமே. அதனை 305 என்பதிலிருந்து 100க்கோ 50க்கோ மாற்றுவதற்கு ஒரு நொடி போதும். ஆயின் உற்பத்தியாளர் அவ்வுயரமுள்ள பலகையை உண்மையிற் செய்கின்றாரா என்பதையும் கேட்டல் வேண்டும். மாதிரி எந்த எண்ணையும் ஏற்றுக்கொள்ளும், தொழிற்சாலை ஏற்றுக்கொள்ளாது. நிலத்தோடு முற்றும் பொருந்துமாறு தடுக்க வேண்டின், அடியில் ஓரடி உயரத்துக்குச் செங்கல்லோ கொங்கிறீற்றோ அமைத்து, அதன்மேற் பலகையை நிறுத்துதல் ஈரமான நிலத்துக்கு ஏற்ற முறை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமை இங்கு எழும் மற்றொரு கேள்வி. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் 2006இல் ஆக்கப்பெற்ற அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகத்தக்கனவாக அமைக்க வேண்டுமென விதிக்கின்றன. பிறநாட்டு மாதிரியொன்றில் ‘அணுகத்தக்கது’ என்னும் முத்திரை இருப்பின் அஃது அந்நாட்டு விதிக்கு அமைந்தது என்பதே பொருள். நம் விதியோடு ஒப்புநோக்கியே அதனை ஏற்கலாம்.

அந்நாட்டு விதியைக் கொண்டே ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். அமெரிக்க நியமத்தின்படி சக்கர நாற்காலிக்குரிய அறையின் உள்ளகலம் 1525 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. நிலத்தில் நிறுத்திய பீங்கானாயின் ஆழம் 1500 மில்லிமீற்றர் வேண்டும். மாதிரியின் அகலத்தைப் பலகையின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 1525 எனக் கொடுத்திருந்தால், இருபுறமும் 25 மில்லிமீற்றர்ப் பலகை நிற்கும் அறையின் உள்ளகலம் 1500 மாத்திரமே. இருபத்தைந்து மில்லிமீற்றர் குறைந்ததனால் நியமம் மீறப்படுகின்றது. திரையில் இக்குறை எவர் கண்ணுக்கும் படாது.

எண்ணிக்கையும் இடமும்

ஆண்பிள்ளைகளுக்கு ஆறும் பெண்பிள்ளைகளுக்கு ஆறுமாகப் பன்னிரண்டு அறைகள் உடைய தொகுதியொன்றை எண்ணுக. ஒவ்வொரு வரிசையும் இரு சுவர்களுக்கு இடையே அமைந்தால் வரிசைக்கு ஐந்து இடைப்பலகையும் ஆறு கதவும் ஏழு முன்தூணும் வேண்டும். இரு வரிசைக்கும் முறையே பத்து, பன்னிரண்டு, பதினான்கு ஆகும். வரிசையின் ஒருபுறம் சுவரின்றித் திறந்திருந்தால் பக்கப்பலகை ஒன்று கூடும். கதவுக்கு மூன்று பிணைச்சலாயின் முப்பத்தாறு பிணைச்சல். இவற்றை மாதிரியே எண்ணிப் பட்டியலாகத் தரும். கணிய அளவையாளரின் உழைப்பு மிகவும் குறையும். ஆயின் அறை முழுவதும் ஒரே பொருளாக ஆக்கப்பெற்ற மாதிரியை ஆறுமுறை அடுக்கி வைத்தால், அடுத்தடுத்த அறைகளுக்குப் பொதுவான பலகை இருமுறை எண்ணப்படலாம். பொதுவடிவத்துக்கு மாற்றும்பொழுது தடுப்பென அறியப்படாமல் ‘வகையறியாப் பொருள்’ எனப் பதிவாகிப் பட்டியலினின்றும் முற்றாக விடுபடுதலும் உண்டு. ஒருமுறை கையால் எண்ணிப் பார்த்தால் இரு பிழையும் வெளிப்படும்.

இடத்தின் கணக்கும் இத்தகையதே. 914 மில்லிமீற்றர் அகலமுள்ள ஆறு அறைகளுக்கு 5484 மில்லிமீற்றர் வேண்டும். ஐந்தரை மீற்றர்ச் சுவர் போதும். அவற்றுள் ஒன்றை 1525 மில்லிமீற்றர் அறையாக மாற்றினால் வேண்டிய நீளம், பலகைத் தடிப்பை விலக்கியும், 6095 ஆகின்றது. ஆகவே சுவரை நீட்டவேண்டும்; அன்றேல் ஓர் அறையைக் குறைக்கவேண்டும். அத்திவாரம் இட்டபின் இதனைக் கண்டுபிடித்தால், கைவிடப்படுவது பெரும்பாலும் சக்கர நாற்காலிக்குரிய அறையே. வரைபின் தொடக்கத்திலேயே மாதிரியை இருத்திப் பார்ப்பதன் சிறந்த பயன், அழகிய படம் பெறுவதன்று. இத்தகைய அநீதி நிகழுமுன் அதனைத் தடுப்பதே.

மாதிரி காட்டாதவையும் உள. கூரையிலிருந்து தொங்கவிடும் தடுப்புக்கு மேலே உருக்குச் சட்டம் வேண்டும். உற்பத்தியாளர் மாதிரி அதனைக் காட்டாது. முன்தூணின் ஆணி நிலத்திற் புகுமிடத்தில் நீர்க்குழாய் ஓடுகின்றதா என்பதைக் குழாய் வரைபோடு பொருத்திப் பார்த்தே அறியலாம். மணற்றரையில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தொலைவை அது கூறாது. கற்பிட்டிப் பகுதியின் நிலத்தடி நீரில், உரமும் கழிவும் சேர்வதால், நைத்திரேற்று மிகுந்துள்ளதை ஆய்வாளர் பலர் காட்டியுள்ளனர். குடிநீரில் அது இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பலகை எத்துணைச் சிறந்ததாயினும் குழி தவறான இடத்தில் அமைந்தால் அக்கூடம் ஊருக்குத் தீங்கே.

செய்யத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றால் உற்பத்தியாளர் மாதிரி வேண்டாததென்று கொள்ளற்க. தம் பொருளைத் தாமே நன்கறிந்தோர் ஆக்கியது அது. கலைஞரொருவர் ஊகித்து வரைவதினும் அது பல இடங்களிற் செம்மையானது. ஆயினும் விற்பனைப் பொருட்டும் ஆக்கப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். தொடக்கத்திலேயே ஒரு நிறுவனத்தின் மாதிரியை இருத்திவிட்டால், பின்னர்க் கேள்விப்பத்திரம் எழுதுங்கால் அந்நிறுவனத்தின் அளவுகளே நிபந்தனைகளாகிவிடும். பிறர் போட்டியிட வழியின்றிப் போகும். பொதுப்பணத்தில் எழும் கட்டடத்துக்கு அது முறையன்று. ஆதலின் முதலில் எவர் பெயரும் பொறியாத எளிய மாதிரியை இருத்துக. வேண்டிய தன்மைகளை, அஃதாவது நீர் தாங்குதல், உப்பைத் தாங்குதல், அடி இடைவெளி, உள்ளகலம், தீச்சோதனை என்பவற்றை, அதனோடு எழுதுக. ஒப்பந்தம் முடிந்து, பொருள் தெரிவானபின் அவ்விடத்தில் உற்பத்தியாளரின் மாதிரியை மாற்றி வைக்க.

அவ்வாறு வைக்கும்பொழுது மாதிரியின் அளவுகளை அச்சிட்ட விவரப்பத்திரத்தின் அளவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுதல் வேண்டும். இரண்டும் முரணினால் உற்பத்தியாளரிடம் எழுத்தில் விடை பெறுதல் வேண்டும். மாதிரி எவ்வாண்டில் திருத்தப்பெற்றது என்பதையும் குறித்துக்கொள்க. கட்டடம் முடிந்தபின், உண்மையில் நிறுவிய பலகையின் வகையும் பிணைச்சலின் இலக்கமும் மாதிரியிற் பதிவாதல் மிக அவசியம். ஐந்தாண்டு கழித்துத் தாழ்ப்பாளொன்று உடையும்பொழுது, அதே தாழ்ப்பாளை எங்கே பெறலாம் என்பதைக் காவலாளருக்கும் அதிபருக்கும் சொல்லக்கூடியது அப்பதிவே. தாழ்ப்பாளில்லாக் கதவைக் கையாற் பிடித்துக்கொண்டு தோழியைக் காவல் நிறுத்தும் நிலை நம் பாடசாலைகளில் அரிதன்று. அந்நிலைக்குப் பணமின்மை மட்டும் காரணமன்று. எந்தத் தாழ்ப்பாள் என்று எவரும் எழுதி வையாமையும் காரணம்.

இம்மலரை வாசிக்கும் மாணவருட் பலர் நாளைப் பொறியியலாளராகவும் கட்டடக் கலைஞராகவும் விளங்குவர். அவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி கூறி முடிப்போம். ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் கல்லூரியின் மலசலகூடத்துக்குச் செல்லுங்கள். பலகைக்கும் நிலத்துக்குமுள்ள இடைவெளி, கதவின் அகலம், அறையின் உள்ளகலம் ஆகிய மூன்றையும் அளந்து எழுதுங்கள். பிணைச்சலில் துரு உண்டா எனப் பாருங்கள். பின்பு உங்கள் தாயாரோ பாட்டனாரோ, சக்கர நாற்காலியில் வரும் நண்பரோ அவ்வறையை எவ்வாறு உபயோகிப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வெண்ணத்தோடு கணினியின் முன் அமர்பவர்க்கு உற்பத்தியாளர் மாதிரி நல்ல துணை. அவ்வெண்ணம் இல்லாதவர் அதே மாதிரியைக் கொண்டு, நுரைச்சோலையின் உப்புக்காற்றில் இரண்டு மாரி தாங்காத ஒன்றைக் கட்டி முடிப்பார்.